பெருக்கற் குறியும் நீதியின் துலாக்கோலும்

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்பது தமிழர் வழக்கு. பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்பதும் அவர்தம் வழக்கே. இவ்விரு பழமொழிகளும் ஒன்றுக்கொன்று மாறானவை போலத் தோன்றினும், உண்மையில் ஒரே வினாவுக்குரிய இருவேறு விடைகளாகும். ஒருங்கே நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சாராதனவாக இருத்தலுங் கூடும் என்று முன்னையது எச்சரிக்கின்றது. ஒருமுறை நேர்ந்த துன்பம் மறுமுறையும் நேர்வதற்குரிய ஏது அதே இடத்திலேயே மறைந்திருத்தலுங் கூடும் என்று பின்னையது உணர்த்துகின்றது. நிகழ்தகவுக் கணிதம் சாரா நிகழ்ச்சி என்றும் சார்ந்த நிகழ்ச்சி என்றும் வகுத்துரைப்பது இவ்வேறுபாட்டினையே. எவ்விடத்து எது பொருந்தும் என்று ஆராயாது பெருக்கற் குறியை இட்டவர்களாற் குற்றமற்றோர் சிறைப்பட்டனர். இது கட்டுக்கதையன்று, அண்மைக்கால நீதிமன்ற வரலாறு.

1999 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இங்கிலாந்தின் செஸ்ரர் நகர நீதிமன்றத்திலே சாலி கிளாக் என்னும் பெண், தம் இரு ஆண் குழந்தைகளையும் கொன்றவரெனத் தீர்க்கப்பட்டு ஆயுட்சிறைத் தண்டனை பெற்றார். அவர் தாமே ஒரு சட்டத்தரணி. அவருடைய முதற் குழந்தை 1996 டிசெம்பரில், பிறந்து பதினொரு வாரங்களில் இறந்தது. இரண்டாவது குழந்தை 1998 ஜனவரியில், பிறந்து எட்டு வாரங்களில் இறந்தது. வழக்குத் தொடுநர் தரப்பிலே சாட்சியமளித்த குழந்தை மருத்துவப் பேராசிரியர் சேர் றோய் மெடோ, அக்குடும்பத்தைப் போன்று வசதி படைத்த, புகைபிடிக்கும் வழக்கமற்ற குடும்பமொன்றிற் குழந்தையொன்று காரணந் தெரியாது திடீரென இறப்பதற்கான நிகழ்தகவு 8543 இல் 1 என்றார். இரு குழந்தைகள் அவ்வாறு இறப்பதற்கான நிகழ்தகவு, அப்பின்னத்தை அதனாலேயே பெருக்க வருவது, அதாவது ஏறத்தாழ 7 கோடியே 30 இலட்சத்தில் 1 என்றும் கூறினார். நூறாண்டுக்கு ஒருமுறையே இத்தகையது நேரும் என்றார். பெரும் குதிரைப் பந்தயமொன்றில் எண்பதுக்கு ஒன்று என்ற நிலையிலுள்ள குதிரைக்கு நான்காண்டுகள் தொடர்ந்து பணங்கட்டி நான்கிலும் வெல்வதற்கு அதனை ஒப்பிட்டார். யூரர் பன்னிருவருள் பதின்மர் குற்றவாளி எனத் தீர்த்தனர்.

இவ்விடத்துக் கணிதத்தில் யாதொரு பிழையுமில்லையே என்பாருமுளர். உண்மைதான், 8543 ஐ 8543 ஆற் பெருக்கின் 7,29,82,849 வரும். எட்டாம் வகுப்பு மாணவனும் இதனைச் சரிபார்க்கலாம். ஆனால், பெருக்கல் சரியா என்பது இங்கு வினாவன்று. பெருக்குவதற்கு உரிமை இருந்ததா என்பதே வினா. இவ்வுரிமை எண்களிலிருந்து பிறப்பதன்று. எண்கள் குறிக்கும் உலகிலிருந்து பிறப்பது. ஓர் எண் நூலிலே அச்சிடப்பட்டிருக்கின்றது என்பதனால் மட்டும் அதனை மற்றோர் எண்ணோடு பெருக்கும் உரிமை எவர்க்கும் வந்துவிடாது.

கூட்டு நிகழ்ச்சியொன்றின் நிகழ்தகவைக் காணும் பொதுவிதி யாது? முதல் நிகழ்ச்சியின் நிகழ்தகவை, முதல் நிகழ்ச்சி நிகழ்ந்துவிட்டது என்ற நிபந்தனையின் கீழ் இரண்டாவது நிகழ்வதற்கான நிகழ்தகவாற் பெருக்குக என்பதே பொதுவிதி. முதலாவது நிகழ்ந்தமை இரண்டாவதன் நிகழ்தகவைச் சிறிதும் மாற்றாதபோது மட்டுமே நிபந்தனையைக் கைவிட்டுத் தனித்தனி நிகழ்தகவுகளைப் பெருக்கலாம். ஆகவே சாரா நிகழ்ச்சிகளுக்குரிய பெருக்கல் விதி பொதுவிதியின் ஒரு சிறப்பு வகையேயன்றிப் பொதுவிதியன்று. பாடசாலைகளிலோ இவ்வரிசை தலைகீழாகிவிடுகின்றது. சிறப்பு விதி முதலிற் கற்பிக்கப்பட்டு மனத்திற் பதிந்துவிட, பொதுவிதி பின்னர் ஒரு விதிவிலக்குப் போல வந்து சேர்கின்றது. இதனாற் பெருக்கல் இயல்பாகவும், சார்பு என்பது அரிதாக நேரும் இடையூறாகவும் மாணவர் மனத்திலே நிலைபெற்றுவிடுகின்றன.

பை ஒன்றில் 5 சிவப்பு மணிகளும் 3 நீல மணிகளும் உள்ளன எனக் கொள்க. ஒரு மணியை எடுத்து, மீண்டும் பையிலிட்டு, மறுமுறை எடுத்தால், இரண்டும் சிவப்பாயிருப்பதற்கான நிகழ்தகவு 5/8 ஐ 5/8 ஆற் பெருக்க வரும் 25/64 ஆகும். முதல் மணியை மீள இடாது எடுத்தால், இரண்டாவது முறை பையிலே எஞ்சியிருப்பவை ஏழு மணிகளே. அவற்றுட் சிவப்பு நான்கே. எனவே விடை 5/8 ஐ 4/7 ஆற் பெருக்க வரும் 5/14 ஆகும். பை ஒன்றே, மணிகளும் அவையே. மீள இட்டமையும் இடாமையுமே வேறுபாடு. வினாத்தாள் இதனை வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றது. ஆனால் உலகம் வினாத்தாளன்று; மணி மீள இடப்பட்டதா என்பதை அது ஒருபோதும் எழுதிக் காட்டுவதில்லை.

சாராமை கண்ணுக்குப் புலனாவதுமன்று. தாயக்கட்டை ஒன்றினை ஒருமுறை உருட்டும்போது இரட்டை எண் விழுவதற்கான நிகழ்தகவு 1/2. நான்கோ அதனிற் பெரியதோ விழுவதற்கான நிகழ்தகவும் 1/2. இரண்டும் ஒருங்கே நிகழ்வதற்கு 1/4 என்று பெருக்கிச் சொல்வோர் பலர். எண்ணிப் பார்ப்பின் அவ்விரு பண்பும் உடையவை 4, 6 என்னும் இரண்டே. ஆகவே உண்மையான விடை 1/3. இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று சார்ந்தவை. இனி, நான்கோ அதனிற் சிறியதோ விழுவதற்கான நிகழ்தகவு 2/3. அதுவும் இரட்டை எண்ணும் ஒருங்கே நிகழ்வது 2, 4 என்னும் இரண்டில், விடை 1/3. 1/2 ஐ 2/3 ஆற் பெருக்கினும் அதுவே வரும். இவ்விரண்டும் சாரா நிகழ்ச்சிகள். ஆறு முகமுள்ள ஒரு கட்டையிலேயே சார்பும் சாராமையும் இவ்வாறு மறைந்து கிடக்குமாயின், ஒரு குடும்பத்தின் இரத்தத்திலும் இல்லத்திலும் அவை எத்துணை மறைவாகக் கிடக்கும்!

கிளாக் வழக்கிலே கொள்ளப்பட்ட எடுகோள் யாதெனின், முதற் குழந்தையின் இறப்பு இரண்டாவது குழந்தையின் இறப்புப் பற்றி எதனையும் உணர்த்தாது என்பதே. ஒரே தாய் தந்தையர்க்குப் பிறந்து, ஒரே பரம்பரைக் கூறுகளைப் பகிர்ந்து, ஒரே வீட்டில் வளர்ந்த இரு குழந்தைகளைப் பற்றியே இவ்வாறு கொள்ளப்பட்டது. திடீர் மரணத்தின் காரணம் தெரியாது என்று ஒப்புக்கொண்ட அதே வாய், அக்காரணம் குடும்பத்திற் பொதுவாக இருக்கமுடியாது என்றும் சொல்லாமற் சொல்லியது. காரணமே அறியாதவர் அக்காரணம் பொதுவானதன்று என்பதை எவ்வாறு அறிந்தார்? சல்போட் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் றே ஹில், ஒரு குழந்தையை இவ்வாறு இழந்த குடும்பத்தில் மற்றொன்றும் இறப்பதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 100 இல் 1 என்ற அளவில் இருக்கலாம் என மதிப்பிட்டார். பட்ட காலிலே படும் என்ற முதுமொழி அறிந்திருந்ததை நிபுணரின் பெருக்கல் அறிந்திருக்கவில்லை.

அன்றியும், 8543 என்ற எண்ணே ஒருபக்கச் சாய்வுடையது. பொதுவாக எல்லாக் குடும்பங்களுக்கும் சேர்த்து அதே ஆய்விற் காணப்பட்ட வீதம் 1303 இல் 1. வருமானம், தாயின் வயது, புகைப்பழக்கமின்மை என, ஆபத்தைக் குறைக்கும் இயல்புகள் மட்டும் கணக்கில் எடுக்கப்பட்டு அவ்வெண் 8543 ஆக உயர்த்தப்பட்டது. இறந்த இருவரும் ஆண் குழந்தைகள். ஆண் குழந்தைகளுக்கு இவ்வாபத்துக் கூடுதலானது. ஆயினும் அது கணக்கிற் சேர்க்கப்படவில்லை. பொது வீதத்தையும் 100 இல் 1 என்ற நிபந்தனை நிகழ்தகவையும் கொண்டு பெருக்கின் கிடைப்பது 1,30,300 இல் 1. ஏழு கோடிக்கும் ஓர் இலட்சத்துச் சொச்சத்துக்கும் இடையிலுள்ள தூரம் கணக்கின் தூரமன்று. சிறைக்கும் வீட்டிற்கும் இடையிலுள்ள தூரம்.

முதற் பிழை இதுவாக, இரண்டாவது பிழை இதனினும் கொடியது. 7 கோடியே 30 இலட்சத்தில் 1 என்ற எண் சரியென்றே வைத்துக்கொள்வோர்க்கும் அது எதனைக் குறிக்கின்றது என்பதிலே தெளிவு வேண்டும். குற்றமற்ற குடும்பமொன்றில் இத்தகைய இரு மரணங்கள் நேர்வதற்கான நிகழ்தகவு அது. இத்தகைய இரு மரணங்கள் நேர்ந்த குடும்பம் குற்றமற்றதாயிருப்பதற்கான நிகழ்தகவன்று. நிபந்தனையும் நிகழ்ச்சியும் இடம் மாறும்போது எண்ணும் மாறும். மழை பெய்தால் முற்றம் நனைந்திருக்கும் என்பது உறுதி. முற்றம் நனைந்திருப்பதால் மழை பெய்தது என்பது உறுதியன்று. கிணற்றடிக்கு வந்தவர் வாளி நீரைக் கொட்டியுமிருக்கலாம்.

எண்களாற் காட்டின் இது மேலும் விளங்கும். ஓர் இலட்சம் பேரில் 100 பேருக்கு ஒரு நோய் உண்டென்றும், நோயுள்ளாரையும் இல்லாரையும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வீதம் சரியாகக் காட்டும் பரிசோதனை ஒன்று உண்டென்றும் கொள்க. நோயுள்ள 100 பேரில் 99 பேரை அது பிடிக்கும். நோயற்ற 99,900 பேரிலே 999 பேரைத் தவறாகப் பிடிக்கும். ஆகவே பிடிபட்ட 1098 பேரில் உண்மையாக நோயுள்ளார் 99 பேரே. அதாவது நூற்றுக்கு ஒன்பது வீதமே. பரிசோதனை தொண்ணூற்றொன்பது வீதம் சரியானது என்று கேட்டவர், பிடிபட்டவர் தொண்ணூற்றொன்பது வீதம் நோயாளி என்று எண்ணிக்கொள்கின்றார். நீதிமன்றத்திலும் இதே மயக்கமே நேர்ந்தது. அங்கே மயங்கியவர்களின் கையிலே தண்டனை இருந்தது.

இரு குழந்தைகள் இறந்துவிட்டன என்பது வழக்கின் தொடக்கம். அது எத்துணை அரிதாயினும் நிகழ்ந்துவிட்டது. அதிர்ஷ்டலாபச் சீட்டில் முதற்பரிசு பெற்றவர்க்கு அப்பரிசு கிடைப்பதற்கான நிகழ்தகவு மிகச் சிறியது என்பதனால், அவர் களவு செய்தே பரிசு பெற்றார் என்று எவரும் வழக்குத் தொடுப்பதில்லை. நிகழ்ந்துவிட்ட அரிய நிகழ்ச்சிக்கு இரு விளக்கங்கள் உள்ளன: இரு இயற்கை மரணங்கள், அல்லது இரு கொலைகள். தாயொருத்தி தன் இரு குழந்தைகளை அடுத்தடுத்துக் கொல்வதும் மிக மிக அரிதே. ஒப்பிடவேண்டியவை இவ்விரு அருமைகளுமாகும். ஹில் அவர்களின் மதிப்பீட்டின்படி, இத்தகைய இரட்டை இயற்கை மரணங்கள் இரட்டைக் கொலைகளிலும் ஏறத்தாழ நாலரை முதல் ஒன்பது மடங்கு வரை கூடுதலாக நேரக்கூடியவை. துலாக்கோலின் ஒரு தட்டில் மட்டும் நிறையை இட்டு, மறுதட்டை வெறுமையாக விட்டு, தட்டுத் தாழ்ந்தது என்று தீர்ப்புரைத்தமை நீதியாகுமா?

2000 ஆம் ஆண்டில் மேன்முறையீடு தள்ளப்பட்டது. 2001 ஒக்டோபரில் பிரித்தானிய அரச புள்ளிவிபரவியற் சங்கம் அவ்வெண்ணுக்குப் புள்ளிவிபர அடிப்படை இல்லை எனப் பகிரங்கமாக அறிவித்தது. 2003 ஜனவரியில் இரண்டாவது மேன்முறையீட்டிலே தீர்ப்பு நீக்கப்பட்டது. இரண்டாவது குழந்தையின் நுண்ணுயிரியற் பரிசோதனை முடிவுகள் எதிரி தரப்புக்கு வெளிப்படுத்தப்படாதிருந்தமையே முதன்மைக் காரணம்; ஆயினும் அப்பெருக்கல் யூரர் மனத்தைப் பெரிதும் பாதித்திருக்கலாம் என்பதையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மூன்றாண்டுகளுக்கு மேலாகச் சிறையிலிருந்து மீண்ட சாலி கிளாக் 2007 மார்ச்சில் இறந்தார். திருத்தப்பட்ட கணக்கு அவர் இழந்ததைத் திருத்தவில்லை.

இது தனியொரு மருத்துவரின் தவறு என்று ஒதுக்குவோர் வரலாற்றை அறியாதவராவர். 1964 இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நேர்ந்த வழிப்பறி வழக்கொன்றில், பொன்னிறக் கூந்தலைப் பின்னே கட்டிய பெண்ணும், தாடியும் மீசையுமுள்ள கறுப்பின ஆணும் மஞ்சள் நிற மோட்டார் வண்டியிற் சென்றனர் என்று சாட்சிகள் கூறினர். மஞ்சள் வண்டிக்கு 1/10, மீசைக்கு 1/4, கட்டிய கூந்தலுக்கு 1/10, பொன்னிறத்திற்கு 1/3, தாடியுள்ள கறுப்பினத்தவர்க்கு 1/10, இருவேறு இனத்தவர் ஒரு வண்டியில் இருப்பதற்கு 1/1000 எனத் தாமே எண்களை வகுத்துக்கொண்ட வழக்குத் தொடுநர், அவற்றைப் பெருக்கி 1 கோடியே 20 இலட்சத்தில் 1 என்றார். தாடி வைத்தவருட் பெரும்பாலார் மீசையும் வைப்பர் என்பதை அவர் மறந்தார். 1968 இல் கலிபோர்ணிய உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. அவ்வெண்ணே சரியெனினும், அத்தனை இணையர் வாழும் பகுதியில் அத்தகைய இணை ஒன்று உண்டெனத் தெரிந்தபின், மற்றுமொன்று இருப்பதற்கான நிகழ்தகவு நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டது என்று அந்நீதிமன்றம் கணித்துக் காட்டியது.

அப்பாடம் கற்கப்படவில்லை. நெதர்லாந்திலே லூசியா டி பேர்க் என்னும் தாதி 2003 இல் ஆயுட்சிறைத் தண்டனை பெற்ற வழக்கிலே, அவர் கடமையிலிருந்த வேளைகளில் அத்தனை மரணங்களும் ஆபத்துகளும் தற்செயலாக நேர்வதற்கு 34 கோடியே 20 இலட்சத்தில் 1 என்ற எண் முன்வைக்கப்பட்டது. மூன்று மருத்துவமனைப் பிரிவுகளுக்குத் தனித்தனியே கணித்தவற்றைப் பெருக்கி அவ்வெண் பெறப்பட்டது. இத்தனையோ இதனிற் கூடுதலாகவோ தற்செயலாக நேர்வதற்கு என்ன நிகழ்தகவு என்று கேட்பின், எவ்விதக் குற்றமுமற்ற சாதாரண தாதி ஒருவருக்கும் ஒரு பிரிவிலே கிடைக்கும் விடை ஏறத்தாழ இரண்டில் ஒன்றாகவே இருக்கும். இருபது பிரிவுகளிற் பணியாற்றிய தாதியின் இருபது அரைகளையும் பெருக்கினால் 10,48,576 இல் 1 வரும். விசித்திரம் எதுவும் நிகழாதிருந்தும், பல இடங்களிற் பணியாற்றிய ஒன்றினாலேயே அவர் கொலையாளி ஆகிவிடுவார்! டி பேர்க் 2010 ஏப்ரலிற் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார்.

அவுஸ்திரேலியாவிலே தம் நான்கு குழந்தைகளின் மரணத்துக்காக 2003 இல் தண்டிக்கப்பட்ட கத்லீன் போல்பிக் 2023 இல் விடுதலையானார். இறந்த பெண் குழந்தைகள் இருவரும் தாயிடமிருந்து பெற்ற பரம்பரை அலகு மாற்றமொன்று இதயத்தைப் பாதிக்கவல்லது என ஆய்வாளர் கண்டமை அதற்கு ஓர் ஏதுவாயிற்று. காரணம் தெரியாத காலத்திற் பல தனித்தனி நிகழ்ச்சிகளாகத் தோன்றியவை, காரணம் தெரியவந்தபோது ஒரே வேரின் கிளைகளாகத் தோன்றின. சாராமை என்று கருதப்படுவது பல வேளைகளில் அறியாமையின் மறுபெயரே.

இவற்றைக் கண்டு, கணிதத்தையே நீதிமன்றத்திலிருந்து விலக்கிவிடல் வேண்டும் என்று கூறுவாருமுளர். கலைத்துறை சார்ந்தோரிடையே இக்கருத்துச் செல்வாக்குடையது. மனித வாழ்வை எண்ணால் அளக்கலாகாது என்பர். கேட்பதற்கு இனிதாயினும் இக்கூற்று ஏற்புடைத்தன்று. கிளாக் அவர்களை வீழ்த்தியது எண் மட்டுமன்று. ஒருமுறை நேர்ந்தால் விதி, இருமுறை நேர்ந்தாற் சதி என்ற எண்ணப்படாத ஐயமும் சேர்ந்தே வீழ்த்தியது. எண் அவ்வையத்துக்கு முடிசூட்டியது. அம்முடியைக் கழற்றியவர்களும் கணிதம் வல்லோரே. எண்ணை விலக்கின் ஐயம் விலகாது. சோதிக்கப்படாத ஐயமாக அது தொடர்ந்தும் தீர்ப்பெழுதும். பிழையான எண்ணை மறுக்கலாம். சொல்லப்படாத எண்ணை மறுப்பதெங்ஙனம்?

மேலைநாட்டு வழக்குகள் இலங்கையர்க்கு எதற்கு என்பாருமுளர். இந்நாட்டின் 1895 ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு, ஒரு விடயம் நிரூபிக்கப்பட்டது என்பதற்கு வகுக்கும் இலக்கணத்தைப் பார்த்தால் அவ்வினா எழாது. நீதிமன்றம் அதனை நம்புவதோ, விவேகமுள்ள மனிதன் அதனை உண்மையெனக் கொண்டு செயற்படத்தக்க அளவிற்கு அது நிகழத்தக்கதெனக் கருதுவதோ நிரூபணம் என்கின்றது அச்சட்டம். நிகழ்தகவு என்பது கணித ஆசிரியரின் உடைமையன்று. இந்நாட்டுச் சட்டத்தின் அடித்தளத்திலேயே அது கிடக்கின்றது. நீதவானும் சட்டத்தரணியும் மருத்துவரும் பத்திரிகையாளரும் நாள்தோறும் அதனைக் கையாளுகின்றனர். கையாளுகின்றோம் என்பதை அறியாமற் கையாளுகின்றனர் என்பதே இடர்.

குறை எங்கே தொடங்குகின்றது? க.பொ.த. சாதாரண தர வகுப்பிலே மரவரிப்படம் வரைந்து, கிளை வழியே பெருக்கி, கிளைகளுக்கிடையே கூட்டி, புள்ளி பெற்று, கலைப்பிரிவுக்குச் செல்லும் மாணவன் அதன்பின் நிகழ்தகவை வாழ்நாளிற் காண்பதில்லை என்று எண்ணுகின்றான். அக்கிளைகளில் எழுதப்பட்ட எண்கள் எங்கிருந்து வந்தன என்று அவனிடம் எவரும் கேட்டதில்லை. ‘இந்நிகழ்ச்சிகள் சாராதவை எனக் கொள்க’ என்று வினாத்தாள் கட்டளையிடுகின்றது; அவன் கொள்கின்றான். வாழ்விலும் யாரேனும் அதிகாரத்தோடு கட்டளையிட்டால் அவன் அவ்வாறே கொள்வான். செஸ்ரர் நகர யூரர் பதின்மரும் அவ்வாறே கொண்டனர்.

தமிழிலே கற்பார்க்கு இதனை உணர்தல் பிறரினும் எளிதாதல் வேண்டும். நிகழ்தகவு என்ற சொல்லிலேயே தகவு இருக்கின்றது; தகவு என்பதற்கு நடுவுநிலை என்னும் பொருளும் உண்டு. சாரா நிகழ்ச்சி என்ற தொடரைக் கேட்டவுடன், எது எதனைச் சாராதது, சாராதது என்பதற்குச் சான்று யாது என்று கேட்கத் தோன்றுதல் வேண்டும். கணித ஆசிரியர் அவ்வினாவை விடைக்கு முன்னே வைத்துக் கற்பித்தல் வேண்டும். பெருக்கியவருக்கே சான்று காட்டும் பொறுப்பு உண்டு, பெருக்கப்பட்டவருக்கன்று. குற்றஞ் சாட்டப்பட்டவர் தம் குற்றமின்மையை நிரூபிக்க வேண்டியதில்லை என்பது நீதியின் முதல் விதி. தம் துன்பங்கள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதையும் அவர் நிரூபிக்க வேண்டியதில்லை என்பது அவ்விதியுள் அடங்கிய மற்றொரு விதியாகும்.

பனம்பழம் விழுந்தபோது காகம் அங்கிருந்தது என்பது உண்மை. காகத்தைக் கல்லால் எறியுமுன், பழம் கனிந்திருந்ததா என்று அண்ணாந்து பார்க்கக் கற்பிப்பதே கல்வி.